அடுத்தவன் சொன்ன தலாக்

அன்று வீட்டில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. அவளுடைய மூத்த சகோதரி. அக்காவை நாங்கள் தாத்தா என்போம். தாத்தாவின் புருஷன். நான்கு பேரும் மிளகில் காம்பு பொறுக்கிக்கொண்டிருந்தோம்.

காலையில் இரத்தோட்டைச் சந்தியில் ஒரு லொறிக்காரன், நடுரோட்டில் பெண்சாதிக்குத் தலாக் சொல்லி விலக்கிவிட்டான். அதைக் கண்ணால் பார்த்த ஆள் நான். எங்கள் ஆட்களிடம் கதையைச் சும்மா சொன்னால் போதாது. குரலும் வேண்டும், கையும் வேண்டும். எழும்பி நின்றேன். நேரெதிரே இருந்தது என் மனைவி. விரலை நீட்டினேன்.

"ஒன்னத் தலாக் சொல்லிட்டேன். போ!"

லொறிக்காரன் மாதிரியே வந்தது. தாத்தாவின் புருஷன் சிரித்தார். தாத்தா சிரிக்கவில்லை.

"யா அல்லாஹ்! தம்பி, என்ன வேல செஞ்சீங்க? மூஞ்சப் பாத்துச் சொன்னீங்களே!"

"அது அவன் சொன்னது, தாத்தா."

"வாய் ஒங்கடதானே? வெளயாட்டுக்குச் சொன்னாலும் தலாக் விழுந்துரும்."

மனைவி முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். அந்நிய ஆணுக்கு மூடுவதுபோல. பிறகு உள்ளே போய்விட்டாள். தேத்தண்ணீர் கேட்டேன். தாத்தாதான் கொண்டுவந்தார்.

குடிக்கவில்லை. பள்ளிவாசலுக்குப் போனேன். மௌலவி என்னைவிட இளையவர். அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் கூப்பிடுவார். நடந்ததைச் சொன்னேன். அந்தச் சொல் வரும் இடத்தில் நிறுத்திவிட்டேன்.

"சொல்லுங்க, நானா."

"வாணாம் ஹஸ்ரத். ஒருக்காச் சொன்னது போதும்."

"யாரு சொன்ன தலாக்?"

"லொறிக்காரன்."

"யாருக்கு?"

"அவன்ட பொஞ்சாதிக்கு."

"நீங்க?"

"கதை சொன்னேன்."

"நானும் பாடத்துல தலாக், தலாக்னு நாள் முழுக்கச் சொல்றேன். ஏன்ட பொஞ்சாதி இன்னம் வீட்டுலதான் இரிக்கிறா. ஒங்கட பொஞ்சாதிக்கு நீங்க வெளயாட்டாச் சொன்னா அது வேற. இது அடுத்தவன் பேச்ச எடுத்துச் சொன்னது. விழாது. போங்க. இனி ஆளப் பாத்துக் கை நீட்டாதீங்க."

பஸ்ஸுக்கு நிற்கவில்லை. நடந்தே வந்துவிட்டேன்.

மனைவி கதவடியில் நின்றாள். தலை இன்னும் மூடியிருந்தது.

"விழாதாம்," என்றேன்.

"முழுசாச் சொல்லுங்க. அவர் பேசினது ஒண்டும் விடாம."

உட்கார்ந்து சொன்னேன். கை இரண்டும் மடியில். கண் சுவரில். பாடம் சொல்லும் இடம் வந்தபோது சிரிப்புக் கேட்டது. திரும்பினேன். முந்தானை தோளுக்கு இறங்கியிருந்தது.

"இதுக்கா நான் இவ்வளவு நேரம் அழுதேன்?" என்றாள்.

மௌலவி சொன்னபடியே சொன்னதில் அந்தச் சொல் என் வாயில் எத்தனை தடவை வந்தது என்று பிறகு எண்ணிப் பார்த்தேன்.

மூன்று.