கூடைக்குள் போகாத போன்

ஏரிக்கரை ஊரான கிசுமுவில் படத் தயாரிப்பாளர் அவூரை நம்பாதவர்கள் குறைவு. அவூர் நம்பியவர்கள் அதைவிடக் குறைவு. கல்யாண வீடியோக்காரருக்கு விளக்குப் பிடித்துத் தொழிலுக்குள் வந்தவள், இருபத்திரண்டு வருடத்தில் பதினோரு ஆவணப்படங்கள் தயாரித்துவிட்டாள். முதல் படத்தைக் கூட்டாளி தன் பெயரில் காட்டிவிட்ட நாளிலிருந்து, கூட வேலை செய்கிறவர்கள் மேல் அவளுக்கு எப்போதும் ஒரு கண்.

பன்னிரண்டாவது படம், தோல் ஆலை ஏரியில் கொட்டும் கழிவைப் பற்றியது. சாட்சி மூன்று பேர். மீன்காரியும் படகோட்டியும் கேமரா முன் பேசினார்கள். அவரவர் பேசிய மறுநாளே இருவர் வீட்டு வாசலிலும் ஆலைக்காரர்கள் நின்றார்கள். இருவரும் பின்வாங்கிவிட்டார்கள். மிச்சம் ஆலையில் வேலை பார்த்த ஒலுவோச் ஒருவர்தான். அவரும் போனால் படமே இல்லை.

கூட இருக்கிற யாரோதான் ஆலைக்குத் துப்புக் கொடுத்திருக்க வேண்டும். சந்தேகம் ஒலிப்பதிவாளன் ஒச்சோலா மேல் விழுந்தது. புது பைக் வாங்கியிருந்தான், போதாதா?

"மாமனார் குடுத்தது அக்கா!"

"அப்படி ஒரு மாமனாரை நான் எங்கேயும் பார்த்ததில்லையே. இனிமே வராதே."

ஏழு வருடப் பழக்கம் அதோடு முடிந்தது.

பேட்டி முடிந்ததும் எல்லோரும் ஒரு நிமிடம் வாயை மூடி நிற்க, வெறும் வீட்டின் சத்தத்தைப் பதிவு செய்வார்கள். வெட்டி ஒட்டும் இடங்களை அடைக்க அது வேண்டும். அதற்காகப் பேட்டி தொடங்கும்போதே எல்லோர் போனும் அணைந்து மீன்கூடைக்குள் போய்விடும். அவூருடையது மட்டும் போகாது. தயாரிப்பாளர் அல்லவா!

ஒச்சோலா போன மறுநாள், அவூர் ஹெட்போனை மாட்டி மீன்காரி வீட்டு நிமிடத்தைக் கேட்டாள். கோழி கொக்கரித்தது. எங்கோ குழந்தை இருமியது. பிறகு, ட்ர்ர்ர்.

படகோட்டி வீட்டு நிமிடத்திலும் அதே ட்ர்ர்ர்.

போன் அதிர்கிற சத்தம்; கூடைக்குள் போகாத ஒரே போன் அவூருடையது. போனைத் திறந்து அந்த நேரத்தைத் தேடினாள். அண்ணன் ரடிங் அனுப்பியிருந்தான்: "சாப்டியாம்மா? இன்னைக்கு யாரு வீட்ல?" கீழே அவளுடைய பதில், பெயரும் தெருவுமாக. இரண்டு நாளும் அப்படியே.

ரடிங், தோல் ஆலை முதலாளியோடு ஞாயிறுதோறும் மீன் சாப்பிடுகிறவன்தான். அது அவளுக்குத் தெரியும். ஆனால் தன் காளையை விற்று அவளைப் படிக்கவைத்தவனும் அவன்தான். ஊரையே சந்தேகப்பட்டவள் அவனை மட்டும் விட்டுவைத்திருந்தாள்.

முதலில் ஒச்சோலாவை அழைத்தாள்.

"தப்பு என்னுதுடா. ஒலுவோச் பேட்டியை இன்னைக்கே முடிக்கணும். மைக்கை எடுத்துட்டு வா."

"மன்னிப்பைப் பதிவு பண்ணவாக்கா? இன்னொரு தடவை சொல்லு, சவுண்டு லெவல் பார்த்துக்கறேன்."

"வாடா சீக்கிரம்."

ஒலுவோச் வீட்டில் முதல் ஆளாகத் தன் போனை அணைத்துக் கூடையில் போட்டாள். ஒச்சோலா அதைப் பார்த்துவிட்டு மைக்கை மாட்டினான். ஒலுவோச் இரண்டு மணி நேரம் பேசினார். அன்றே அவரைக் குடும்பத்தோடு வேறு ஊருக்கு வண்டியேற்றிவிட்டு வந்துதான் போனைத் திறந்தாள்.

அண்ணன் ரடிங்கின் செய்தி காத்திருந்தது: "நாளைக்கு யாரு வீட்லம்மா?"

அவூர் பதில் அனுப்பினாள்: "உன் வீட்லதாண்ணா. கேமராவோட வர்றேன்."