அம்மா புத்தகத்தில் அத்தை

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் சண்டை சச்சரவில்லாமல் பிரிந்துவிட்டோம். அதுவரை எழுதிய பரீட்சை எதுவும் எனக்கு நினைவில்லை. வாயால் எழுதிய ஒரு பரீட்சை மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. நடந்த இடம் சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப் ஆஸ்பத்திரி. கேள்வி கேட்டவர் ஒரு நர்ஸ். அதிலும் ஃபெயில்தான்.

அப்போது எனக்கு எட்டு வயது. அப்பா சுரங்கத்தில் பெர்மனென்ட். அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, குள்ளஞ்சாவடியில் வாழ்க்கைப்பட்டவள். மாமாவும் அதே சுரங்கத்தில்தான் மண் அள்ளினார், ஆனால் கான்ட்ராக்ட். பெர்மனென்டுக்குக் குவார்ட்டர்ஸ் உண்டு, பெண்டாட்டி பிள்ளைக்கு ஆஸ்பத்திரி உண்டு. கான்ட்ராக்டுக்கு வேலை மட்டும் உண்டு.

கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து அத்தை உண்டானாள். இரண்டாம் மாதமே வாந்தி பிடித்துக்கொண்டது. ஊரில் எல்லோருக்கும் மசக்கை காலையில் வந்து மதியம் போய்விடும். அத்தைக்கு அது மூன்று ஷிப்டும் வேலை செய்தது, வார லீவு கூடக் கிடையாது. மாமியார் வீட்டில், நாங்கள் எல்லாம் பெறவில்லையா, இது என்ன நடிப்பு என்றார்கள். மாமா அவளைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தாளிப்பு நின்றது. கடுகு வெடித்தால் அத்தைக்கு வாந்தி. சோறு கொதித்தால் வாந்தி. குளியல் சோப்பு, ஊதுபத்தி, அப்பாவின் யூனிஃபார்மில் ஒட்டிவரும் கரித்தூள், எல்லாமே வாந்தி. அப்பா ஷிப்ட் முடிந்து வந்தால் பின்பக்கக் குழாயடியிலேயே குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். அம்மா பக்கத்துக் குவார்ட்டர்ஸ் மலையாள அக்கா வீட்டில் போய்ச் சமைத்துக்கொண்டு வந்தாள். நான் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன், அதற்கும் அத்தை வாந்தி எடுத்தாள். என் முகத்தைப் பார்த்துப் பலபேர் முகம் சுளித்திருக்கிறார்கள், இந்த அளவுக்குப் போனது அத்தை ஒருத்திதான்.

வைத்தியத்துக்குக் குறைவில்லை. டவுன்ஷிப்பில் எல்லா ஜில்லாவும் இருப்பதால் எல்லா ஜில்லா வைத்தியமும் வந்தது. திருநெல்வேலிக்காரர்கள் சுக்குக் கொடுத்தார்கள், சேலத்துக்காரர்கள் நார்த்தங்காய் கொடுத்தார்கள், மலையாள அக்கா சீரகத் தண்ணீர் கொடுத்தாள். உள்ளே போன வேகத்தில் மூன்றும் ஒற்றுமையாக வெளியே வந்தன. வடலூர் டாக்டர் கொடுத்த மாத்திரையும் அப்படியே முழுசாக வந்தது. கடைசியில் தண்ணீரும் நிற்கவில்லை. எச்சிலை விழுங்கவே பயந்து, மடியில் ஒரு கிண்ணத்தை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். உதடு வெடித்து, கண் உள்ளே போய், வளையல் முழங்கை வரை ஏறியது.

ஒரு மத்தியானம் அம்மா அவள் வாயில் ஸ்பூனால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். அத்தை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, எனக்கு இந்தப் புள்ளயே வேணாம். ஒரு வாய் தண்ணி எறங்கினா போதும்."

அம்மா திட்டவில்லை. "இன்னும் கொஞ்ச நாள்டி. அப்பால தானா வுட்டுடும்" என்று மட்டும் சொல்லி அடுத்த ஸ்பூனை எடுத்தாள்.

இரண்டு நாள் கழித்து, அப்பா நைட் ஷிப்ட் முடித்து வந்த காலையில், அத்தை பாத்ரூம் வாசலில் மயங்கி விழுந்தாள். அம்மா பால் வாங்க சைக்கிளில் போயிருந்தாள். அப்பா தண்ணீர் தெளித்து எழுப்பினார். முதல்நாள் மத்தியானத்திலிருந்து ஒண்ணுக்கே போகவில்லை என்று அத்தை சொன்னதும் அப்பா சட்டையை மாட்டினார். கடலூர் பெரியாஸ்பத்திரிக்கு பஸ்ஸில் ஒரு மணிநேரம். பஸ் டீசல் வாசனைக்கே அத்தையின் கதை முடிந்துவிடும். டவுன்ஷிப் ஆஸ்பத்திரி பத்து நிமிஷம். ஆனால் தங்கைக்கு அங்கே உரிமையில்லை.

அப்பா அலமாரியைத் திறந்து அம்மாவின் மெடிக்கல் புக்கை எடுத்தார். குடும்பத்தில் ஆளுக்கொரு புத்தகம் ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தார்கள், அதில் போட்டோவும், வந்த வியாதியும், கொடுத்த மருந்தும் எழுதியிருக்கும். அம்மாவின் போட்டோ கல்யாணமான புதிதில் எடுத்தது. மங்கிப்போயிருந்தது, கிராப்பு வெட்டினால் அதை நான் என்றுகூடச் சொல்லலாம். உள்ளே இருந்த இங்கிலீஷ் எழுத்தை அப்பா படிக்கவில்லை. அந்த விஷயத்தில் நான் அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்தவன்.

மொபெட்டில் நான் முன்னால் நின்றேன், அத்தை பிளாஸ்டிக் பையைப் பிடித்தபடி அப்பாவின் முதுகில் சாய்ந்துகொண்டாள். வழியெல்லாம் அப்பா எனக்குப் பாடம் நடத்தினார். அங்கே போனால் அத்தையை அம்மா என்றுதான் கூப்பிட வேண்டும். பிள்ளையே அம்மா என்று கூப்பிட்டால் எவன் சந்தேகப்படுவான்? மாற்றிச் சொன்னால் அத்தையைப் படுக்க வைக்க மாட்டார்கள், அப்பா வேலைக்கும் ஆபத்து. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பாடத்தைக் கவனித்தேன்.

ஆஸ்பத்திரியில் அத்தையைப் பார்த்ததுமே கட்டிலில் படுக்க வைத்து, கையில் ஊசி குத்தி, பாட்டில் தொங்கவிட்டார்கள். நான் வேலையைத் தொடங்கினேன். அம்மா, ரொம்ப வலிக்குதாம்மா? அம்மா, தண்ணி வேணுமாம்மா? அம்மா, நான் நல்லாப் படிக்கிறேம்மா. இந்தக் கடைசி வரியில் அத்தைகூட அந்த மயக்கத்திலும் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

வயதான நர்ஸ் ஒருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெடிக்கல் புக்கை முதலிலிருந்து புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் வந்ததும் புரட்டுவதை நிறுத்தினார். அப்பாவைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், பிறகு என்னை அருகே கூப்பிட்டார்.

"தம்பி, இவங்க யாரு?"

"எங்கம்மா."

அந்த நேரம் பார்த்து நிஜ அம்மா உள்ளே வந்தாள். வீடு பூட்டியிருக்கக் கண்டு, மலையாள அக்காவிடம் விஷயம் கேட்டு, பால் தூக்கோடு சைக்கிளைத் திருப்பி மிதித்து வந்திருந்தாள். மூச்சு வாங்கியது.

"இவங்க?" என்றார் நர்ஸ்.

நான் யோசிக்கவே இல்லை. "எங்க அத்தை" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையை இன்றுவரை வேறு யாரிடமும் பார்த்ததில்லை. அப்பா தரையைப் பார்த்தார். நர்ஸ் அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"சார், இந்த புக்குக்காரம்மாவுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகி ஏழு வருசம் ஆவுது. இங்கதான் பண்ணியிருக்கு. இப்ப ரெண்டாம் மாசம்னு கூட்டிக்கினு வந்திருக்கீங்க."

அப்பாவுக்கு அந்த ஆபரேஷன் நடந்தது தெரியும். அது புத்தகத்தில் இருக்கும் என்பதுதான் தோன்றவில்லை.

அம்மா முன்னால் போய், "தப்புதாங்க சிஸ்டர். இது எங்க நாத்தனாரு. வேற வழி தெரியல. பாட்டில மட்டும் கழட்டிடாதீங்க" என்றாள்.

"அதை எதுக்குக் கழட்டப்போறோம்? உயிருக்கு ஆபத்துன்னு வந்தா யாரா இருந்தாலும் பாப்போம். வெளியாளுன்னு தனிச் சீட்டுப் போட்டு, பணம் கட்டினாத் தீர்ந்துது. அதுக்கு இந்தப் புள்ளைய வச்சி நாடகம் போடணுமா?"

அப்பா சீட்டுப் போட ஓடினார். அத்தை தன் சொந்தப் பேரில் படுத்தாள். இரண்டாவது பாட்டில் பாதி இறங்கியபோது அவளுக்கு ஒண்ணுக்கு வந்தது. அதற்காக அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்து நான் சிரித்தேன்.

நர்ஸ் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அதற்கும் முன்னால் இருந்த ஒரு பக்கத்தைக் காட்டினார். "உனக்கும் இதே கூத்துதானா? இவன் வயித்துல இருக்கறப்ப நாலு தடவ அட்மிட் ஆகியிருக்க. ஏழாம் மாசம் வரைக்கும் பாட்டில் ஏத்தியிருக்கு."

"ஆமாங்க சிஸ்டர்" என்றாள் அம்மா. "எனக்கு ரெண்டாவது வேணும்னு ரொம்ப ஆசதான். இன்னொருவாட்டி முடியாதுன்னு தோணிச்சி. நானே போயிக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

நர்ஸ் என் தலையில் கைவைத்தார். ஆஸ்பத்திரிப் புத்தகத்திலேயே நம்மைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு ஒரே பெருமை. ராங்க் கார்டில்கூட எனக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை.

அத்தை மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாள். ஐந்தாம் மாதம் வரை வாந்தி எடுத்தாள், நடுவில் இன்னொரு முறை பாட்டில் ஏற்றிக்கொண்டாள், பெண் குழந்தை பெற்றாள். அதெல்லாம் பிறகு.

அன்று மத்தியானம் அப்பா அத்தையோடு இருந்துவிட்டார். அம்மா என்னை சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து வீட்டுக்கு மிதித்தாள். தூக்கில் இருந்த பால் திரிந்துபோயிருந்தது. அவள் திட்டாமல் வந்ததால், என்னை மன்னித்துவிட்டாள் என்று முடிவுகட்டி, நான் நெடுநாளாக வைத்திருந்த கோரிக்கையை எடுத்தேன். எல்லார் வீட்டிலும் தம்பி தங்கச்சி இருக்கிறது, நம் வீட்டில்தான் இல்லை.

"நீயும் அத்த மாரி ரெண்டு நாளு படுத்துக்கம்மா. கொஞ்சம் வாந்திதான எடுக்கணும்?"

அம்மா இன்னும் அழுத்தி மிதித்தாள். எதிர்க்காற்று பலமாக இருந்தது. அவள் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, சேலையைப் பிடித்து இழுத்து, இன்னும் சத்தமாக இன்னொரு முறை சொன்னேன்.