பலூன் துடித்த நான்கு நாள்

பழவேற்காடு ஏரித் தீவான பசியாவரத்துத் தெய்வநாயகிக்கு இறால் பிடிக்க வலை வேண்டாம். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றுக்குள் பதுங்கியிருப்பதைக் காலால் தடவிக் கண்டுபிடித்துக் கையால் அள்ளிவிடுவாள். மூன்றாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோதும் ஏழாம் மாதம் வரை ஏரிக்குப் போனவள்.

1986 ஆவணியில் பெண் குழந்தை பிறந்தது. மூன்றே வாரத்தில் மூச்சு முட்டி அவளால் மல்லாந்து படுக்க முடியவில்லை. கால் வீங்கியது. "பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்றாள் மாமியார் ஜெயம்மா. ஒரு காலையில் தண்ணீர்க் குடத்தோடு வந்தவள் வாசலிலேயே சரிந்தாள். உதட்டில் நுரை. புருஷன் பொன்னுரங்கம் அவளைப் படகில் தூக்கிப் போட்டுப் பழவேற்காட்டில் இறக்கி, அங்கிருந்து வேன் பிடித்து மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான்.

டாக்டர் தானியேல் மறைக்காமல் சொன்னார். "பிரசவத்துக்கு அப்புறம் சில பேருக்கு இதயம் வீங்கி சோர்ந்துபோயிடும். தானா தேறவும் தேறும். ஆனா இவங்க இதயம் இன்னிக்கு ராத்திரியே தாங்காது. தொடையில ரத்தக்குழாய் வழியா ஒரு பலூனை உள்ள விட்டு, மிஷின்ல ஊதி ஊதி எடுப்போம். இதயத்துக்குப் பாதி வேலை குறையும்."

"அதனால கெடுதல் எதுனா வருமா சார்?"

"வரலாம். அந்தக் காலுக்கு ரத்தம் போறது தடைபடலாம்."

பொன்னுரங்கம் கைநாட்டு வைத்தான்.

கட்டில் ஓரத்தில் மிஷின் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் மூச்சிரைப்பு தணிந்தது. மூன்றாம் நாள் தெய்வநாயகி கஞ்சி கேட்டாள். அன்று மத்தியானம்தான் நர்ஸ் போர்வையை விலக்கி அவள் வலது பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு டாக்டரிடம் ஓடினாள். பாதம் ஐஸில் வைத்த மீன் மாதிரி சில்லிட்டிருந்தது.

தானியேல் பொன்னுரங்கத்தை வெளியே கூப்பிட்டார். அவன் வாசலோடு நின்றுவிட்டான். அங்கேயே நின்று பேசினார்கள்.

"பலூனை இப்பவே எடுத்தா கால் பிழைக்கலாம். இதயம் நின்னு போகவும் கூடும். இன்னும் ஒரு நாள் விட்டா இதயம் தேறிடும்னு நம்புறேன். ஆனா கால் போயிடும்."

"இன்னொரு காலு வழியா விட முடியாதா சார்?"

"முதல்ல அந்தப் பக்கம்தான் பார்த்தோம். குழாய் ஏறலை."

பொன்னுரங்கம் கட்டிலைத் திரும்பிப் பார்த்தான். "நீங்கதான் முடிவு சொல்லணும்" என்றார் தானியேல்.

"அவுர இன்னாத்துக்குக் கேக்குறீங்க?" கட்டிலிலிருந்து குரல் வந்தது. "என் காலு. என்னைக் கேளுங்க."

தானியேல் உள்ளே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எல்லாவற்றையும் முதலிலிருந்து அவளிடம் சொன்னார்.

"நாளைக்கு எடுத்தா நான் பொழைப்பேனா? கண்டிஷனா சொல்லுங்க."

"கண்டிஷனா சொல்ல முடியாதும்மா. இன்னிக்கு எடுக்கறதைவிட நாளைக்கு எடுத்தா வாய்ப்பு அதிகம்."

அவள் போர்வையை விலக்கச் சொல்லித் தன் வலது பாதத்தைப் பார்த்தாள். "மிஷின் ஓடட்டும்" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

நான்காம் நாள் சாயங்காலம் மிஷினை நிறுத்தினார்கள். பொன்னுரங்கம் அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே எண்ணிக்கொண்டிருந்தான். அரை மணி. ஒரு மணி. நிற்கவில்லை. அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து பார்த்தும் பயனில்லாமல், இரண்டு நாள் கழித்து முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள்.

தை மாதம் பரிசோதனைக்குப் போனபோது, "இதயம் முக்கால்வாசி தேறிடுச்சு. மாத்திரையை விடாதீங்க. இன்னொரு பிள்ளை மட்டும் கூடவே கூடாது" என்றார் தானியேல்.

"ஏரியில இறங்கலாமா சார்?"

"ஊன்றுகட்டை சேத்துல நிக்காதும்மா" என்றார். வீட்டுக்கு வந்து ஒரு மாதம், இல்லாத பாதம் அரிக்கிறது என்று கத்துவாள். கிட்டே போனால் ஏசுவாள். "நான்தான் கைநாட்டு வெச்சேன்" என்று பொன்னுரங்கம் ஒருநாள் தேம்பியபோது, "நீ வெக்கலன்னா எனக்குப் பதினாறாம் நாள் காரியம் பண்ணியிருப்ப, போ" என்றாள்.

சித்திரையில் அவளே படகில் ஏறிப் பழவேற்காட்டுக் கரைக்குப் போனாள். கட்டையை அக்குளில் செருகிக்கொண்டு, ஊர்ப் பெண்கள் பிடித்த இறாலை விலை கூவினாள். ஒரு வியாபாரி அவள் காலைப் பார்த்து இரக்கப்பட்டு, கேட்டதற்கு மேலே பணத்தை நீட்டினான்.

"இன்னாத்துக்கு எச்சா? இறாலைப் பாத்து விலை சொல்லு!"

அவன் குனிந்து கூடையைக் கிளறினான்.