டோக்கன் சர்வீஸ் நின்ற காலை

என்னை நல்லவன் என்று நம்பிக்கொண்டே வேலையை இழந்துபோன ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கவிதா எங்கள் வைட்ஃபீல்ட் அலுவலகத்தில் ஒப்பந்த ஊழியர். ஆஸ்டின் டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். அன்று காலை அவள் சர்வரை ரீஸ்டார்ட் செய்தாள். அதன்பிறகு, ஒரு மருத்துவமனைக்கு டோக்கன் போடும் சர்வீஸ் மட்டும் இயங்கவில்லை. நோயாளிகள் வரிசையில் நிற்பதாகப் போன் மேல் போன். மேனேஜர் எல்லோர் முன்னாலும் அவளைத் திட்டினார்.

நான் சர்வரின் பதிவுக் குறிப்புகளை, லாகைப் பார்த்தேன். போர்ட் என்பது சர்வருக்குள் ஒரு வாசல் மாதிரி; ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு சர்வீஸ்தான் பிடிக்க முடியும். போன வாரம் சோதனைக்காக நான் போட்டுவிட்டு எடுக்க மறந்த சர்வீஸ், சர்வர் மறுபடி ஓடத் தொடங்கியதும் முந்திக்கொண்டு டோக்கன் சர்வீஸின் போர்ட்டைப் பிடித்திருந்தது. சத்தமில்லாமல் அதை அழித்தேன். டோக்கன் சர்வீஸ் உடனே ஓடியது.

"என்னப்பா பண்ணே?" என்றார் மேனேஜர்.

"திரும்ப ஸ்டார்ட் பண்ணேன் சார், வந்துடுச்சு."

மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு என் மேஜைக்கு வந்தாள்.

"அன்னைக்கு நீங்க மட்டும் இல்லன்னா என் கதி அவ்ளோதான். ரொம்ப தேங்க்ஸ்ண்ணா."

"பரவால்லம்மா" என்றேன்.

லிஃப்ட் வர வெகுநேரமானது. அதுவரை அவள் லிஃப்ட் வாசலில்தான் நின்றிருந்தாள். நான் நாற்காலியை விட்டு எழவில்லை.