செயலாளருக்கு மூச்சு கொடுத்தவர்

நீங்கள் பொய் எழுதியிருக்கிறீர்கள், செயலாளர் அவர்களே. நம் சங்கத்தின் ஆண்டு மலரில் எழுதியிருக்கிறீர்கள். பொங்கல் மேடையில் மின்சாரம் தாக்கி விழுந்த உங்களை இறைவன் அருளும் ஆஸ்பத்திரியும் காப்பாற்றினவாம். ஆஸ்பத்திரி வண்டி வாசலுக்கு வருவதற்கு முன்பே உங்களுக்கு மூச்சு திரும்பிவிட்டது. நான் உங்கள் தலைமாட்டில் மண்டி போட்டிருந்தேன். அந்த மூச்சு யாருடையது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் கேபிள் போடுகிறவன். சாலையைத் தோண்டி மின்கம்பியைப் புதைத்து மூடுவது என் வேலை. ஐம்பதுகளின் கடைசியில் ஒரு நாள், புக்கிட் தீமா பக்கம், எங்கள் குழியில் ஒருவருக்கு ஷாக் அடித்தது. பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி நின்றோம். முகத்தில் தண்ணீர் அடித்தோம். வலிப்புக்குச் செய்வதுபோல கையில் சாவிக்கொத்தைத் திணித்தோம். ஒருவன் சோடா வாங்க ஓடினான். சோடா வந்தபோது அவர் போய்விட்டிருந்தார். நாங்கள் கொன்றோம் என்று சொல்லமாட்டேன். ஆனால் நின்று வேடிக்கை பார்த்தோம்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் டிரெசர் வகுப்பில் போய்ச் சேர்ந்தேன்.

டிரெசர் என்று நாங்கள் கூப்பிட்டது ஜொகூர் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் கட்டுப் போட்டு, மருந்து கொடுத்து ஓய்வு பெற்ற மனிதரை. அவர் மனைவி அதே ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவர். அவரை அக்கா என்போம். டிரெசரின் உடன்பிறந்த தமக்கை பெரியக்கா. இந்த மூன்று பேரும் தேக்காவில் நம் சங்கத்து மாடி மண்டபத்தில் ஞாயிறு காலை முதலுதவி சொல்லிக்கொடுத்தார்கள். டிரெசர் பேசுவார். அக்கா செய்து காட்டுவார். பெரியக்காதான் நோயாளி. மண்டபத்து மேசைமேல் படுத்துக்கொண்டு கால் முறிந்தவராகவும் கை வெந்தவராகவும் முனகுவார்.

சேருகிறவன் ஒரு பழைய வேட்டி கொண்டுவர வேண்டும். அதைச் சதுரமாகக் கிழித்து, மூலைக்கு மூலை வெட்டினால் இரண்டு முக்கோணத் துணி. அந்த ஒரு துணியில் தலைக்குக் கட்டு, முழங்காலுக்குக் கட்டு, கைக்குத் தூளி எல்லாம் அக்கா போட்டுக் காட்டினார். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்த துணியில் இவ்வளவு இருக்கிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

நான் முதன்முதலில் போட்ட கட்டைப் பெரியக்கா தூக்கிப் பார்த்தார். "என்ன தம்பி இது, பொட்டலமா? உள்ளார மசால்வடை வச்சிருக்கியா?"

மண்டபமே சிரித்தது. அவிழ்த்து மறுபடி போட்டேன். நாலாவது தடவை அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் பாஸ் என்று அர்த்தம்.

மூச்சு நின்றவனுக்கு அப்போதெல்லாம் பழைய முறைதான். குப்புறப் போட்டு, முதுகை அமுக்கி, முழங்கையைப் பிடித்துத் தூக்க வேண்டும். ஒரு வருடம் கழித்து டிரெசர் கையில் ஒரு சிறு புத்தகத்தோடு வந்தார். முறை மாறிவிட்டது என்றார். வாயோடு வாய் வைத்து ஊத வேண்டுமாம்.

"ஐயோ, எச்சில் லா!" என்று ஒருவன் கத்தினான். "செத்தாலும் பரவால்ல டிரெசர், ஆள விடுங்க."

"சாகப்போறது நீ இல்லடா, அவன்" என்றார் டிரெசர். யாரும் முன்வரவில்லை. ஒருவன் வாயில் வெற்றிலை, ஒருவன் வாயில் பீடி. அவனவன் அடுத்தவன் வாயைப் பார்த்து முகம் சுளித்தான். நானும்தான்.

டிரெசர் தானே மேசைமேல் ஏறி மல்லாந்து படுத்தார். அக்கா முந்தானையை இழுத்துச் செருகினார். கணவரின் தலையைப் பின்னால் சாய்த்தார், மூக்கைப் பிடித்தார், இருபது ஆண்கள் பார்த்துக்கொண்டிருக்க வாய்மேல் வாய் வைத்து ஊதினார்.

ஒரு பயலும் சிரிக்கவில்லை. டிரெசரின் மார்பு எழும்பியது. அக்கா வாயை எடுத்தார், அது இறங்கியது. மறுபடி ஊதினார், மறுபடி எழும்பியது. ஒரு மனுஷி தன் மூச்சை எடுத்து இன்னொரு உடம்புக்குள் வைக்கிறாள், அந்த உடம்பு அதை வாங்கிக்கொள்கிறது. நான் கோயிலுக்கு அதிகம் போகிறவன் இல்லை. அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"பார்த்தீங்களா தம்பி, மார பாருங்க" என்றார் அக்கா. "அது எழும்புதான்னு மட்டும் பாருங்க. வேற எதையும் நினைக்காதீங்க."

வேறு எதையோ நினைத்தவன் ஒருவன் இருந்திருக்கிறான். செய்தி உங்கள் காதுக்கு வந்தது. அடுத்த ஞாயிறு மண்டபம் பூட்டியிருந்தது. சங்கத்து நடவடிக்கைப் புத்தகத்தில் உங்கள் கையெழுத்தில் ஒரு வரி ஏறியது: "ஒழுக்கக் கேட்டின் காரணமாக வகுப்பு நிறுத்தப்பட்டது." அதற்குப் பிறகு அவர்கள் வீட்டு முன்னறையில் வகுப்பு நடந்தது. ஏழு பேர் மிஞ்சினோம்.

அடுத்த பொங்கல் வந்தது. காலை மழை பெய்து விட்டிருந்தது. மைதானம் சொதசொத என்று கிடந்தது. நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, ஈர மேடையில் நின்று மைக்கைப் பிடித்தீர்கள். "அன்பார்ந்த" என்றீர்கள். அவ்வளவுதான். மைக் கம்போடு சேர்ந்து விழுந்தீர்கள். உங்கள் கை அதை விடவில்லை.

இரண்டு பேர் உங்களைப் பிடித்து இழுக்க ஓடினார்கள். "தொடாதீங்க! மெயின அடைங்க!" என்று பின்னாலிருந்து டிரெசர் கத்திக்கொண்டே சுவிட்சுப் பெட்டிக்கு ஓடினார். மின்சாரம் நின்றதும் நான் முதலில் உங்களிடம் வந்தேன்.

இங்கே என் தப்பையும் எழுதுகிறேன். உங்கள் உதட்டில் வெற்றிலைச் சாறு வழிந்துகொண்டிருந்தது. அதன்மேல் வாய் வைக்க எனக்கு மனம் வரவில்லை. புது முறை தெரிந்தும் உங்களைக் குப்புறப் புரட்டினேன். முதுகை அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. உங்கள் காது நீலமாகிக்கொண்டிருந்தது.

பொங்கல் பானைப் பக்கத்திலிருந்து எழுந்து ஓடிவந்த அக்கா என்னைத் தள்ளினார். "திருப்பு தம்பி, திருப்பு!" உங்கள் வாய்க்குள் விரல் விட்டுப் பாக்கை வழித்து எறிந்தார். முந்தானையால் ஒரு துடைப்பு. ஊதினார். டிரெசர் உங்கள் கழுத்தில் விரல் வைத்து, "நாடி இருக்கு. மூச்சுதான் இல்ல. விடாத" என்றார். சுற்றி ஊரே நின்றது. நான் உங்கள் மார்பை மட்டும் பார்த்தேன். எழும்பியது, இறங்கியது. எழும்பியது, இறங்கியது. எத்தனை தடவை என்று தெரியாது. பிறகு ஒரு தடவை அக்கா வாயை எடுத்த பிறகும் அது தானாக எழும்பியது. உங்கள் காது சிவந்தது. ஐயா, இந்த ஊரில் பெரிய கப்பலையும் பார்த்திருக்கிறேன், பெரிய கட்டடத்தையும் பார்த்திருக்கிறேன். அந்தச் சிவப்புக்கு ஈடாக எதையும் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். "அந்தம்மா விஷயம் வெளிய பேச வேணாம் தம்பி. பொண்ணு கட்டிக் குடுக்கணும் எனக்கு. நாலு பேர் நாலு விதமா சொல்வாங்க" என்றீர்கள். நான் தலையாட்டினேன். அதுவும் என் தப்புதான். உங்கள் பெண்ணுக்கு நல்லபடியாகக் கல்யாணம் நடந்தது. அந்தச் சாக்கும் முடிந்தது.

அக்காவிடம் கேட்டால், "மூச்சு வந்துச்சுல்ல? அப்புறம் என்ன?" என்பார். ஆனால் போன வருடம் அவர் சங்கத்து மாதர் பகுதியில் பெண்களுக்கு வகுப்பு எடுக்கக் கேட்டுப் போனபோது, உங்கள் ஆட்கள் அந்தப் பழைய வரியைத் திறந்து காட்டி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து என்னிடம் கேட்டார். "நீங்க இப்போ கமிட்டியில இருக்கீங்கல்ல தம்பி? அந்த ஒரு வரிய அடிக்கச் சொல்ல முடியுமா?" அவர் கேட்டது அவ்வளவுதான்.

கமிட்டியில் கேட்டேன். செயலாளரைக் கேளுங்கள் என்றார்கள். உங்களைக் கேட்டேன். பார்க்கலாம் என்றீர்கள். பிறகு இந்த மலர் வந்தது.

இனித் தனியாகக் கேட்கமாட்டேன். அடுத்த மாதம் பொதுக்கூட்டம். அதே மைதானம், அதே மேடை. அக்காவை முன்வரிசையில் உட்கார வைக்கிறேன். நீங்கள் மைக் முன்னால் நின்று, எல்லார் காதிலும் விழும்படி இரண்டு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். உங்களுக்கு மூச்சு கொடுத்தது யார்? அவர் செய்தது ஒழுக்கக் கேடா? சொல்லிவிட்டு அந்த வரியை உங்கள் கையாலேயே அடியுங்கள். புத்தகத்தை நான் கொண்டுவருகிறேன்.