பனிக்காலத்தில் சயாகுலுக்கு வந்த வெக்கை

நாரின் என்கிற எங்கள் மலையூரில் ஒரு பசு இரண்டு வேளை தீவனம் எடுக்கவில்லை என்றால் போதும், மூன்று வீட்டுக்காரர்கள் வேலி தாண்டி வந்து நிற்பார்கள். நாக்கை இழுத்துப் பார்ப்பார்கள், வயிற்றைத் தட்டிப் பார்ப்பார்கள், ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். சயாகுல் அக்கா ஏறக்குறைய ஒரு வருடம் சரியாகத் தூங்கவில்லை. ஏன் என்று ஒரு ஆள் கேட்கவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

சயாகுல் என் ஓரகத்தி. என் கணவரின் அண்ணன் எசென்பெக்கின் மனைவி. ஒரே முற்றத்தில் எதிரெதிராக இரண்டு வீடுகள். தாய் கடைசி மகனோடுதான் இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம், அதனால் மாமியார் உல்கான் எங்கள் வீட்டில். சயாகுல் அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இந்த ஊர் வங்கியில் நோட்டு எண்ணுகிறவனும் தெருமுனையில் நிற்கிற போலீஸ்காரனும் அவளைக் கண்டால் இன்றைக்கும் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைப்பார்கள். நான் அவ்வளவு படித்தவள் இல்லை. சந்தைக்குப் பக்கத்தில் பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருக்கிறேன், இரண்டு நாற்காலி, ஒரு கண்ணாடி.

அது டிசம்பர் மாதம். விடியலில் பால் கறக்க வாளியோடு வந்தேன். பல் கிட்டிப் போகிற குளிர். முற்றத்தின் நடுவில் மெல்லிய இரவு உடுப்போடு, தலையில் துணிகூட இல்லாமல் அக்கா நிற்கிறாள். தலையிலிருந்து ஆவி கிளம்புகிறது, ஓட்டிவிட்டு நிறுத்திய குதிரைக்கு வருவது போல.

"அக்கா! என்ன கூத்து இது? காது உறைஞ்சு உதிர்ந்துடும்!"

"கிட்ட வராதடி. உள்ள யாரோ அடுப்புக் கதவைத் திறந்து விட்ட மாதிரி இருக்கு. நெஞ்சுலேர்ந்து உச்சி வரைக்கும் எரியுது. இப்ப போயிடும். போனதும் பாரு, கிடுகிடுன்னு நடுங்குவேன்."

சொன்னபடியே நடுங்கினாள். என் கம்பளிக் கோட்டைக் கழற்றிப் போர்த்தி உள்ளே கூட்டிப் போனேன். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டதற்கு, "போன வசந்தத்துலேர்ந்து" என்றாள். எதிர் வீட்டில் இருக்கிற எனக்கே தெரியவில்லை.

எசென்பெக் அத்தானுக்குத் தெரியும். மின்வாரியத்தில் வேலை, கெட்ட மனிதர் இல்லை. ஆனால் எங்கள் ஊர் ஆண்களுக்குக் குண்டடி பட்டாலும் பயமில்லை, ஜன்னல் காற்று பட்டால் பயம். இவள் ஜன்னலைத் திறப்பாள், அவர் எழுந்து மூடுவார். "என் கிட்னி போச்சு, என் இடுப்பு போச்சு" என்று புலம்புவார். கடைசியில் போர்வையை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார். போனவர் சும்மா இருந்திருக்கலாம். காலையில் தன் தாயிடம் வந்து, "அவ என்னைக் கட்டில்லேர்ந்து துரத்திட்டாம்மா" என்று சொன்னார்.

மாமியார் உடனே, உடம்பில் புகுந்த பயத்தை எடுக்க ஈயம் ஊற்றிக் குறி பார்க்கிறவளைக் கூட்டி வந்துவிட்டாள். அக்காவை உட்கார வைத்து, தலைக்கு மேல் தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்து, உருக்கிய ஈயத்தை அதில் சொரிந்தார்கள். அது சுருண்டு இறுகிய உருவத்தை அந்தப் பெண் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நாய் பயமுறுத்தியிருக்கு."

"எங்க வீட்ல நாயே இல்லையே" என்றேன்.

"பக்கத்து வீட்டு நாயா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, கொடுத்த இறைச்சிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

பிறகு மருத்துவமனை. நானும் கூடப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு அக்காவைவிடப் பத்து வயது குறைவு இருக்கும். ஒரு கண் போனில், ஒரு கண் எங்கள் மேல். அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னாள்: மாதவிடாய் தாறுமாறாக வந்து இப்போது ஏறக்குறைய நின்றுவிட்டது, தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது, மூட்டு வலிக்கிறது, பேசும்போது வார்த்தை நழுவிப் போகிறது.

"வயசாகுதுல்ல, அதான். வேற என்ன எதிர்பார்த்தீங்க, பதினெட்டு வயசுப் பொண்ணாவே இருக்கலாம்னா? தூக்கத்துக்கு வேர்ச் சொட்டு மருந்து எழுதறேன். மனசை அமைதியா வச்சுக்கோங்க."

அவ்வளவுதான். எசென்பெக் அத்தானுக்கு முழங்கால் வலி வந்தபோது என்ன நடந்தது தெரியுமா? குடும்பமே கூடிப் பேசியது. தலைநகரத்துக்குக் கூட்டிப் போய்ப் படம் எடுத்தார்கள். இசிக்குல் ஏரிக்கரையில் சேற்றுக் குளியலுக்கு அனுப்பினார்கள். போகும்போது வழிச்சாப்பாட்டுக்கு ஒரு ஆடே விழுந்தது. ஒரு முழங்காலுக்கு! இவளுக்கோ உச்சி முதல் கால் வரை உடம்பே முறுக்கிக்கொண்டு நிற்கிறது, சொட்டு மருந்தாம், அமைதியாம்.

இந்த உபாதைக்கு எங்கள் ஊரில் இருப்பது ஒரே வார்த்தை, ருஷ்யர்கள் விட்டுப் போன 'கிளிமாக்ஸ்', மாதவிடாய் நிற்கிற காலம் என்று அர்த்தம். அதை நோவுக்கு யாரும் சொல்வதில்லை, வசவுக்குத்தான் சொல்வார்கள். பஸ்ஸில் ஒரு பெண் சில்லறை சரியில்லை என்று குரல் உயர்த்தினால், "பாட்டிக்கு கிளிமாக்ஸ்டா" என்பான் பின்சீட்டுக்காரன். அதனாலேயே பெண்கள் அந்த வார்த்தையை வாயில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அக்காவும் என்னிடம் அதுவரை சொன்னதில்லை.

குளிர்காலம் பாதி போயிருக்கும். பள்ளிக்கூடத்துக்குக் கல்வித்துறை ஆட்கள் வந்து, பள்ளி முடிக்கப்போகும் பிள்ளைகளின் கடைசி வகுப்பில், அக்கா பாடம் நடத்துவதைப் பார்க்க உட்கார்ந்தார்கள். அக்கா செங்கோண முக்கோணம் வரைந்து, கர்ணத்தைத் தொட்டுக் காட்டினாள். அதன் பெயர் வரவில்லை. வாழ்நாளெல்லாம் சொன்ன பெயர். சாக்பீஸோடு நின்றாள். "இது... இந்த நீளமானது..." முகம் சிவந்து கழுத்தில் வியர்வை ஓடியது. பின்வரிசையில் சிரிப்பு கேட்டது.

மறுவாரம் தலைமை ஆசிரியர் தாலாய்பெக் அவளிடமிருந்து கடைசி வகுப்பைப் பிடுங்கி, புதிதாக வந்த பையனிடம் கொடுத்தார். கேட்டதற்கு, "ஓய்வு எடுங்க டீச்சர், பென்ஷன் பக்கத்துலதானே இருக்கு" என்றாராம். இதை அக்கா என்னிடம் சொன்னபோது அழவில்லை. ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"மூளை கெட்டுப்போச்சோன்னு பயமா இருக்குடி. எங்கம்மாவோட தங்கச்சி கடைசில பெத்த பிள்ளைங்க பேரையே மறந்துட்டா. எனக்கும் அதான் ஆரம்பிச்சிருச்சோ?"

மாவை வாங்கி நான் பிசைந்தேன்.

அடுத்து நடந்ததுதான் ஊரே பேசிய விஷயம். எசென்பெக் அத்தானுக்கு ஐம்பத்தைந்து வயது விருந்து. குதிரை அடித்து, பெரிய அறையில் நீள விரிப்பு போட்டு, சொந்தம், பக்கத்து வீடு, வேலையிடத்து ஆட்கள் எல்லாரையும் கூப்பிட்டோம். தலைமை ஆசிரியர் தாலாய்பெக்கும் மனைவி நாசிகாத்தோடு வந்து, பெரியவர்களுக்கான மரியாதை இடத்தில் உட்கார்ந்தார். நிலக்கரி அடுப்பு தகதகக்கிறது. ஜன்னல்களின் இடுக்கெல்லாம் குளிருக்காகக் காகிதம் ஒட்டி அடைத்திருக்கிறது. அக்கா காலையிலிருந்து நின்றபடி தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. கைக்குட்டையால் கழுத்தை ஒற்றுவதும் ஊற்றுவதுமாக இருந்தாள்.

தாலாய்பெக் கிண்ணத்தோடு எழுந்து வாழ்த்துச் சொன்னார். ஆயுசு, ஆரோக்கியம், குதிரை, பேரன் எல்லாம் சொல்லிவிட்டு, "எசென்பெக்கு, நீ கொடுத்து வச்சவன்யா! ஊரெல்லாம் நிலக்கரிக்கு வரிசைல நிக்குது. உனக்கு அந்தக் கவலையே இல்ல. வீட்டுக்காரியே கனகனன்னு எரியறாங்க!" என்றார்.

அறையே சிரித்தது. எசென்பெக் அத்தானும் சிரித்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பாத்திரத்தை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன், அதற்குள் அக்கா கெண்டியைக் கீழே வைத்தாள். வகுப்பில் சத்தம் போடுகிற பையனைப் பார்க்கிற பார்வை.

"சார், அந்த வார்த்தையைச் சொல்லிடுங்களேன். டீச்சருங்க ரூம்ல சொன்னீங்களாமே, இங்க மட்டும் என்ன கூச்சம்? கிளிமாக்ஸ். ஆமா, எனக்கு அதான். திருடினேனா? குடிச்சுட்டு ரோட்ல விழுந்தேனா? உங்களைப் பெத்த அம்மாவுக்கும் வந்துச்சு. இங்க ஸ்கார்ஃப் கட்டி உக்காந்திருக்கிற எல்லாருக்கும் வந்துச்சு, இல்ல வரப்போகுது. ஒரு வார்த்தை மறந்ததுக்கு என் வகுப்பைப் புடுங்குனீங்க. போன மாசம் கொடியேத்தும்போது தேசிய கீதத்துல ரெண்டாவது அடியை நீங்க மறந்தீங்களே, உங்க நாற்காலியை யாராவது புடுங்குனாங்களா?"

மாமியார்தான் முதலில் வாய் திறந்தாள்.

"ஆம்பளைங்க முன்னால இதென்ன பேச்சு! நாங்கல்லாம் ஏழு எட்டுப் பெத்தோம். எங்களுக்கு இந்த மாதிரி எதுவும் வரல!"

அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எலும்பு கடித்துக்கொண்டிருந்தவள் பூபுஷ். மாமியாரின் ஓரகத்தி, மலைமேய்ச்சலில் ஒரே கூடாரத்தில் அவளோடு வாழ்ந்தவள். பல்லில்லாத வாயால் கெக்கலி கொட்டிச் சிரித்தாள்.

"யாருக்கு வரல? உனக்கா? அடி கள்ளி! ஓடைல ஐஸை உடைச்சு உள்ள இறங்கினவ யாரு? என் மச்சினன் மண்டைல அகப்பையை வீசினவ யாரு? ஜின் பேய் புடிச்சிருச்சுன்னு உன்னைக் குதிரைக் கயித்தால கட்டிப் போட்டு ஓதல? அவிழ்த்துவிட்டவ நான்டி!"

சிலர் சிரிக்கப் பார்த்தார்கள். மாமியாரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். அவள் தன் மணிக்கட்டைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"எனக்கு மட்டும்தான் அப்படின்னு நினைச்சேன்."

அப்போது தலைமை ஆசிரியரின் மனைவி நாசிகாத் எழுந்தாள். வாய் பேசாத பெண் என்று பெயர் எடுத்தவள். நேராக ஜன்னலுக்குப் போய், ஒட்டியிருந்த காகிதத்தைச் சர்ரென்று கிழித்து, இரண்டு கதவையும் தள்ளித் திறந்தாள். பனிக்காற்று விரிப்பின் மேல் பாய்ந்தது.

"காத்து, காத்து! ஜன்னலை மூடு!" என்றார் தாலாய்பெக்.

"கோட்டைப் போட்டுக்கோங்க" என்றாள் அவள்.

மறுவாரம் என் கடைக்கு வந்த கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே! முடி வெட்டிக்கொண்டு போய்ப் பத்து நாள்கூட ஆகாதவர்கள் நுனியை மட்டும் வெட்டு என்று வந்தார்கள். தலையைத் தண்ணீரில் சாய்த்ததும் பேச ஆரம்பித்தார்கள். ரயில் மாதிரி நெஞ்சு ஓடுகிறது என்றாள் ஒருத்தி. காரணமே இல்லாமல் மகனை அறைந்தேன் என்று அழுதாள் இன்னொருத்தி. புருஷன் பக்கத்தில் வந்தால் வலி உயிர் போகிறது, சொன்னால் வேறு ஒருத்தியைக் கட்டிவிடுவான் என்று சொன்னவள் ரொட்டிக் கடைக்காரி. இத்தனை காலம் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொண்டு தெருவில் கடந்தவர்கள்! வியாழன் மாலையில் வாடிக்கையாளரை எடுக்காமல் கடையை இதற்கென்றே விட்டேன். அக்கா வந்து உட்காருவாள். மாமியாரும் வருவாள், கதவோரம் இருப்பாள்.

பிரசவ விடுதியில் மருத்துவச்சியாக இருக்கிற ஒருத்தி, தலைநகரத்தில் இதைக் காது கொடுத்துக் கேட்கிற ஒரு டாக்டரம்மா இருக்கிறாள் என்று சொன்னாள். அக்காவை எசென்பெக் அத்தானே காரில் கூட்டிப் போனார், நானும் பின்சீட்டில். விருந்துக்குப் பிறகு இருவருக்கும் பேச்சே இல்லை. மலைக் கணவாயில் ஏறும்போது அக்காவுக்கு வெக்கை வந்துவிட்டது. அவர் அவளை ஒருமுறை பார்த்தார், தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு நாலு கண்ணாடியையும் இறக்கினார்.

"உங்க கிட்னி?" என்றாள் அக்கா.

"போனா போகட்டும். அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது."

"ஆமா, கூடாது" என்றாள். நல்லவேளை, பரவாயில்லை என்று சொல்லவில்லை.

அந்த டாக்டரம்மா போனை மேஜைக்குள் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். ரத்த அழுத்தம் பார்த்தாள், மார்பைப் பரிசோதித்தாள், குடும்பத்தில் யாருக்குப் புற்றுநோய், யாருக்கு ரத்தக் கட்டு என்று தோண்டித் தோண்டிக் கேட்டாள். சோதனை முடிவுகள் வந்த பிறகு, கையில் பூசுகிற ஹார்மோன் களிம்பும் ஒரு மாத்திரையும் கொடுத்தாள். எல்லாருக்கும் இது ஒத்துக்கொள்ளாது, ஆறு வாரத்தில் திரும்பி வாங்க என்றாள். கிளம்பும்போது சொன்னாள்:

"உங்களுக்கு மறதி நோய் இல்ல டீச்சர். தூக்கமில்லாத மூளை அது, அவ்வளவுதான்."

அங்கேதான் அக்கா அழுதாள். வகுப்பு போனபோது வராத அழுகை.

வசந்தம் வருவதற்குள் தூக்கம் திரும்பியது. வெக்கை அடியோடு போகவில்லை, ஆனால் முற்றத்துக்கு ஓடுகிற அளவு இல்லை. வார்த்தை இப்போதும் எப்போதாவது நழுவும். "வெளிய போயிருக்கு, வந்துடும், அதுவரைக்கும் நீங்க சொல்லுங்க" என்று வகுப்பில் சொல்லிவிடுகிறாளாம். செப்டம்பரில் கடைசி வகுப்பு மறுபடி அவளுக்கே வந்தது. அதுவும் பிள்ளைகளின் தாய்மார்கள் கும்பலாகப் போய்த் தலைமை ஆசிரியரின் அறையில் நின்றதால். அவர் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. மருத்துவமனையில் அந்த இளைய டாக்டரம்மா இன்னும் சொட்டு மருந்துதான் எழுதிக்கொண்டிருக்கிறாள். பஸ்ஸில் பின்சீட்டுக்காரனும் அதே பாட்டைத்தான் பாடுகிறான். ஊர் திருந்திவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

போன வியாழன் மேல்தெருவிலிருந்து ஒரு பெண் பனியில் நடந்தே வந்தாள். நான் அதுவரை பார்த்திராதவள். ஸ்கார்ஃபை அவிழ்த்து, நுனியை மட்டும் வெட்டணும் என்றாள். தலைமுடி ஏற்கெனவே காதுக்கு மேலேதான் இருந்தது, வெட்ட நுனியே இல்லை. கதவோரம் இருந்த மாமியார் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நகர்ந்து இடம் விட்டாள்.

"இங்க வந்து உக்காரும்மா" என்றாள். "உனக்கு எப்பலேர்ந்து?"