கரப்பந்துக் கம்பத்தில் ஒரு குழந்தைச் சட்டை

பத்தாம் வகுப்பில் நான் மனையியல் பாடம் எடுத்ததற்குப் பெரிய கொள்கை ஒன்றும் காரணமில்லை. மண்வெட்டிதான் காரணம். சண்டை நின்று யாழ்ப்பாணப் பாதை திறந்ததற்கு அடுத்த வருடம் அது. எங்கள் பள்ளிக்கூடத்தில் விவசாயம், மனையியல் என்ற இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டும். ஆண்பிள்ளைகளுக்கு விவசாயம், பெண்பிள்ளைகளுக்கு மனையியல் என்று எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. ஆனால் மாறி எடுத்தவர்கள் எவரும் இல்லை. இரணைமடுக் குளத்தில் தண்ணீர் திறந்துவிட்டால் எனக்கு வீட்டில் மண்வெட்டியும் வரம்பும்தான். விடிய எழும்பி வரம்பு கட்டிவிட்டு வருகிறவன் பள்ளிக்கூடத்திலும் பாத்தி கொத்த வேண்டுமா? படிவத்தில் மனையியல் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வகுப்பாசிரியர் படிவத்தைத் திருப்பி நீட்டினார். "பிழையா எழுதிப்போட்டாய். வெட்டிப்போட்டுத் தா."

"பிழையில்லை சேர்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஏதோ முணுமுணுத்தபடி வாங்கிக்கொண்டார்.

தகரக் கொட்டகையின் ஒரு மூலையில் பதினொரு பெண்பிள்ளைகள், நான், மனையியல் டீச்சர். முதல் கிழமை முழுக்க ஊசி என் கையில் நிற்கவே இல்லை. தடித்துப்போன விரல்களுக்கு அது அகப்படாமல் நழுவி விழுந்துகொண்டே இருந்தது. மூன்றாம் கிழமை ஒரு சாண் நீளத்துக்குச் சங்கிலித்தையல் நேராக வந்தது. நான் அதைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தேன். சோம்பலில் எடுத்த பாடம் எனக்குப் பிடித்துப்போய்விட்டது. இன்றைக்கும் அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

அந்த வயதில் கூச்சமில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

நாங்கள் ஐந்து பொடியள் ஒரு செட். பள்ளிக்கூடம் விட்டால் வாய்க்கால் கட்டின் மேல் ஏறி இருந்து பொழுதுபடும்வரை கதைதான். அதில் ஒருவன் என் பக்கத்து வளவுக்காரன். என்னிடம் சைக்கிள் இல்லாததால் ஐந்தாம் வகுப்பிலிருந்து அவனுடைய கரியரில்தான் போய்வந்தேன். ஏற்றத்தில் நான் இறங்கித் தள்ளுவேன், இறக்கத்தில் ஏறிக்கொள்வேன். கூடப் பிறந்தவன் மாதிரி.

முதலில் பகிடியாகத்தான் தொடங்கினார்கள். "அக்கா வாறா, கதிரையைக் குடுங்கோடா" என்றான் ஒருவன். நானும் சிரித்தேன். பிறகு கிரிக்கெட்டுக்குக் கூப்பிடுவதை விட்டார்கள். பிறகு வாய்க்கால் கட்டுக்கு நான் போய் இருந்தால் ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். ஒருநாள் காலை என் நண்பன் எங்கள் வீட்டுப் படலையில் நிற்காமலே போய்விட்டான். அன்றிலிருந்து இரண்டு மைல்கட்டை தூரம் நடை. அவன் சைக்கிள் எனக்கு முன்னால் போவதைப் பார்த்துக்கொண்டு நடப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது.

ஒரு திங்கட்கிழமை அவனே வந்தான். கையில் ஒரு கடிதம். பள்ளிக்கூட அதிபருக்கு நான் எழுதியது போல அவர்களே எழுதியிருந்தார்கள்: தவறுதலாக மனையியலைத் தெரிவுசெய்துவிட்டேன், விவசாயத்துக்கு மாற அனுமதிக்கவும்.

"கையெழுத்தை மட்டும் வை. வெள்ளிக்கிழமை குடுத்திடு. பிறகு எல்லாம் பழையபடி."

"வைக்காட்டி?"

அவன் நிலத்தைப் பார்த்தான். "உன்னோட திரியிறதால என்னையும் நக்கலடிக்கிறாங்களடா" என்றான்.

வீரம் பேச எனக்கு விருப்பம்தான், ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும். வியாழன் பின்னேரம் குசினிக்குள் இருந்து அந்தக் கடிதத்தில் கையெழுத்து வைத்தேன். தொட்டிலில் மூன்று மாதத் தங்கச்சி கிடந்தாள். அவளுக்குத்தான் நான் சட்டை தைத்துக்கொண்டிருந்தேன். இலவசமாகத் தந்த சீருடைத் துணியில் எனக்குத் தைத்தது போக மிஞ்சிய வெள்ளைத் துண்டு அது. பாடத்துக்குக் குழந்தைச் சட்டை ஒன்று தைத்துக் காட்ட வேண்டும். சட்டை முக்கால்வாசி முடிந்திருந்தது. மற்றநாள் டீச்சரிடமே கொடுத்துவிடலாம் என்று புத்தகப் பையில் வைத்தேன். கடிதத்தை மடித்துச் சீருடைச் சட்டைப் பையில் வைத்தேன்.

அன்றைக்கு மட்டும் அவர்கள் பொறுத்திருந்தால் வெற்றி அவர்களுக்குத்தான். பொறுக்கவில்லை.

வெள்ளி காலை நான் பையை வகுப்பில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்வந்தேன். பிரார்த்தனைக்கு மைதானத்தில் வரிசை கட்டினோம். எல்லோரும் சிரித்துக்கொண்டு மேலே பார்க்கிறார்கள். வலை கட்டுகிற கரப்பந்துக் கம்பத்தின் உச்சியில் என் தங்கச்சியின் சட்டை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஆடியது.

அதிபர் அதை இறக்கச் சொல்லிக் கையில் வாங்கினார். "ஆரின்ர சட்டை இது?"

சிரிப்பு நின்றது. என் செட் நால்வரும் என்னைப் பார்க்காமல் நேரே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போது மனையியல் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கையை உயர்த்தினாள். அதுவரை என்னோடு நாலு வார்த்தை கதைத்திருக்கமாட்டாள்.

"என்ர, சேர்."

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். கடிதத்தைக் கொடுத்து, பின்னேரம் கரியரில் ஏறி, வாய்க்கால் கட்டுக்குப் போய் இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு ஆத்திரம் வந்தது. கம்பத்தில் ஏற்றினவர்களைவிட, சட்டைப் பைக்குள் கிடந்த கடிதத்தின் மேல்தான் ஆத்திரம். இந்தப் பிள்ளை எனக்காகப் பொய் சொல்லுகிறாள், நான் ஒளிந்துகொண்டு நிற்கிறேன்.

முன்னால் போனேன். "இல்லை சேர். அது என்ர. நான் தைச்சது."

மைதானமே கொல்லென்று சிரித்தது. அதிபர் கையைக் காட்டி அடக்கினார். "ஒரு சட்டைக்கு ரெண்டு சொந்தக்காரரோ? பிள்ளை, இதில தெறி எத்தினை?"

"மூண்டு சேர்" என்றாள் அவள்.

"தெறி ரெண்டுதான் சேர்" என்றேன். "மூண்டாவதுக்கு ஓட்டை மட்டும் வெட்டியிருக்கு. இன்னும் தைக்கேல்லை."

அவர் பொத்தான்களை எண்ணிப் பார்த்தார். "சரி. ஆர் இதை மேல கட்டினது?"

சட்டையைக் கட்டியிருந்தது சைக்கிள் ரியூப்பில் வெட்டிய ஒரு கறுப்புப் பட்டி. என் நண்பன் கரியரில் புத்தகம் கட்டுகிற பட்டி. ஆயிரம் தடவை நானே இழுத்துக் கட்டியிருக்கிறேன்.

"தெரியாது சேர்."

சட்டையையும் பட்டியையும் வாங்கிக்கொண்டு வரிசைக்குத் திரும்பினேன். நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. எத்தனையோ சான்றிதழ் பிறகு வாங்கியிருக்கிறேன். அப்படியொரு நடை பிறகு நடந்ததில்லை.

முதற்பாடம் மனையியல். டீச்சர் தட்டிக் கொடுக்கப் போகிறா என்று எதிர்பார்த்தேன். அவா சட்டையை விரித்து, விளிம்பை விரலால் நீவிப் பார்த்தா. "கோணிப் போச்சு. பிரிச்சுத் தை" என்றுவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டா. அன்றைக்கு எனக்குக் கிடைத்த மரியாதைகளில் பெரியது அதுதான். நான் வேடிக்கையுமில்லை, வீரனுமில்லை, அவாவின் மாணவர்களில் ஒருவன். இருந்து பிரித்தேன். கழுத்துக்குப் பட்டி வெட்ட ஒரு கடதாசி தேவைப்பட்டது. சட்டைப் பையிலிருந்த கடிதத்தை எடுத்துப் பின்பக்கத்தில் அளவு வரைந்து வெட்டினேன். என் கையெழுத்து இரண்டு துண்டாகப் போனது.

பள்ளிக்கூடம் விட்டதும் நண்பன் சைக்கிளை உருட்டிக்கொண்டு நின்றான். புத்தகங்களை ஒரு கையால் அணைத்துப் பிடித்திருந்தான். பட்டியை நீட்டினேன்.

"இந்தா, கட்டு. புத்தகம் விழுந்திடும்."

அவன் முகம் செத்துப்போயிற்று. வாங்கிக் கட்டினான். கரியரைத் தட்டி "ஏறடா" என்றான்.

"நான் நடக்கிறன்."

சட்டையைப் பைக்குள் வைக்கவில்லை. தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெருவால் நடந்தேன். சைக்கிள் என் பின்னால் உருண்டு வந்தது. வீட்டுப் படலைவரை அவனும் ஏறவில்லை.

இரண்டு கிழமைக்குப் பிறகு, செட்டில் மற்றவர்கள் இல்லாத ஒரு பின்னேரம், கையில் ஒரு காற்சட்டையோடு வாய்க்கால் கட்டுக்கு வந்தான். மடிப்பு அவிழ்ந்திருந்தது. "இதைத் தைச்சுத் தாறியோ?"

பையிலிருந்த ஊசியில் நூலைக் கோத்து அவன் கையில் கொடுத்தேன். "நீயே தை. சொல்லித்தாறன்."

முனகிக்கொண்டு குந்தினான். முதற்குத்திலேயே ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டான். நாலு தையல் போட்டதும் தலையைத் தூக்கி, தெருவிலிருந்து வருகிற ஒழுங்கைப் பக்கம் பார்த்தான்.

"ஆரும் வருகினமோ எண்டு பாரடா."

"வந்தா வரட்டும்" என்றேன். நான் பார்க்கவில்லை. அவனும் பிறகு தலையைத் தூக்கவில்லை.